கடல் தாண்டிய ராகங்கள் – 14: நாகூரானுக்கு ஓர் இசைப் படைப்பு

சென்ற இதழில் நாம் பார்த்த மொரீஸ் டெலாஜ் 1912 வாக்கில் பெற்றோருடன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பயணத்தின் விளைவாக நான்கு பாடல்கள் எழுதினார். முதல் பாடலின் பெயர் ‘மெட்ராஸ்’. அழகான பாடல்கள்தான். ஆனால் அவை ஒரு பயணி தன் ஊருக்கு எடுத்துச் சென்ற நினைவுகள். அரை நூற்றாண்டு கழித்துச் சென்னைக்கு வந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர் இங்கே தங்கினார், வீணை கற்றார், முந்நூறுக்கும் மேற்பட்ட ராகங்களைத் தேடித் திரட்டினார், நம் வாத்தியக்காரர்கள் வாசிப்பதற்கென்றே ஒரு படைப்பை எழுதினார். 1960 பிப்ரவரி 3 அன்று, அகில இந்திய வானொலி சென்னை நிலையத்தின் தென்னிந்திய வாத்தியக் குழு அதை வாசிக்க, நாடு முழுக்க ஒலிபரப்பானது. படைப்பின் பெயர் ‘நாகூரான்’. எழுதியவர் ஆலன் ஹொவானெஸ்.

கர்நாடக இசை மேற்கே போன கதையைப் பேசும்போது நாம் யெஹுதி மெனுஹினைச் சொல்கிறோம், ஜான் மெக்லாஃப்லினைச் சொல்கிறோம். ஹொவானெஸை யாரும் சொல்வதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. அவர் சென்னைக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. அந்த வழியைச் சொல்லாமல் ‘நாகூரான்’ எப்படிப் பிறந்தது என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சோமர்வில் என்ற ஊரில் 1911 மார்ச் 8 அன்று பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஆலன் வானெஸ் சக்மக்ஜியன். அப்பா ஹாருத்யூன் சக்மக்ஜியன் துருக்கியின் அதானா நகரத்து ஆர்மீனியர். டஃப்ட்ஸ் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். ஆங்கில – ஆர்மீனிய அகராதி ஒன்றைத் தொகுத்தவர். அம்மா மேடலின் ஸ்காட், ஸ்காட்லாந்து வம்சாவளி. பையன் நான்கு வயதிலேயே தாளில் சுரங்களைக் குறிக்கத் தொடங்கிவிட்டான். வீட்டில் அதற்கு ஆதரவில்லை. எல்லோரும் உறங்கிய பிறகு ஒளிந்து எழுதினான். 1930இல் அம்மா இறந்த பிறகு, அப்பாவழித் தாத்தாவின் பெயரை எடுத்துத் தன் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்.

பாஸ்டன் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் ஃபிரெடரிக் கான்வெர்ஸிடம் முறையாகப் படித்தார். 1934இல் மனைவியோடு பின்லாந்து போய், தான் தெய்வமாக மதித்த இசையமைப்பாளர் ஜீன் சிபேலியஸைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு பிறந்த மகளுக்கு அவர் நினைவாக ஜீன் என்று பெயரிட்டார். சிபேலியஸ் அக்குழந்தைக்கு ஞானத்தந்தையானார். அந்தக் காலத்து ஹொவானெஸ் வடக்கு ஐரோப்பாவைப் பார்த்து நின்ற ஓர் அமெரிக்க இளைஞர். அப்பாவின் ஆர்மீனியா அவருக்கு இன்னும் எட்டாத தொலைவில் இருந்தது.

இந்தியா அதற்கு முன்பே அவரை எட்டிவிட்டது. 1936இல் உதயசங்கர் தன் நடனக் குழுவோடு பாஸ்டன் வந்தார். குழுவின் இசையை விஷ்ணுதாஸ் சிராலி கவனித்துக்கொண்டார். அன்று மாலை மேடையில் ஹொவானெஸ் கேட்டது ஒத்திசைவுக் கோவைகள் இல்லாத இசை. சுருதி ஒன்று நிற்க, அதன்மேல் ஒற்றை இழையாக மெட்டு நடந்துபோகும் இசை. இந்திய இசைமேல் ஆயுள் முழுக்க அவருக்கு இருந்த பிடிப்பு அன்றைக்கு விழுந்தது.

1942 கோடையில் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட சம்பவம் நடந்தது. டாங்கிள்வுட் என்ற இடத்தில் கோடைதோறும் நடக்கும் இசைப் பள்ளியில், செக் நாட்டு இசையமைப்பாளர் போஹுஸ்லாவ் மார்ட்டினூவிடம் படிக்க அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. அங்கே ஒரு கருத்தரங்கில் அவருடைய முதல் சிம்பொனியின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஆர்மீனியர்களை நினைத்து எழுதப்பட்ட ‘எக்ஸைல்’ சிம்பொனி அது. 1939இல் லெஸ்லி ஹீவர்ட் இங்கிலாந்தில் பி.பி.சி.க்காக நடத்தியது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே இசையமைப்பாளர் ஏரன் கோப்லாண்ட் லத்தீன் அமெரிக்க மாணவர்களோடு ஸ்பானிய மொழியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் பியானோவில் உட்கார்ந்து ஒரு மைனர் வரிசையைத் தட்டிக் காட்டி, இது மலிவான சேரி இசை, தன்னால் சகிக்க முடியவில்லை என்றார். அங்கிருந்தவர்கள் பின்னாளில் சொன்ன செய்தி இது. பெர்ன்ஸ்டைனுக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. வயதைச் சொல்லி அந்தக் கொடுமையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஹொவானெஸ் உதவித்தொகையை உதறிவிட்டு நடுவிலேயே கிளம்பிவிட்டார்.

அந்த ஆண்டுகளில் தன் பழைய படைப்புகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தார். ஆயிரத்துக்கு மேல் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஐந்நூறாவது இருக்கும் என்று இன்னொரு தடவை. டாங்கிள்வுட்டில் பட்ட காயம் மட்டும் காரணமில்லை; இசையமைப்பாளர் ரோஜர் செஷன்ஸ் முன்பு வைத்த விமரிசனமும் உள்ளே வேலை செய்தது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். எப்படியோ, முப்பது வயது தாண்டிய ஒருவர், தான் அதுவரை எழுதியதில் பெரும்பங்கைத் தீக்குக் கொடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

தொடங்கிய இடம் ஒரு தேவாலயம். பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில் ஆர்மீனியர்கள் நிறையப் பேர் குடியேறியிருந்தார்கள். அங்கே புனித யாக்கோபு ஆர்மீனிய ஆலயத்தில் 1940 முதல் அவர் ஆர்கன் வாசித்துவந்தார். ஆர்மீனிய வழிபாட்டுப் பாட்டில் ஒரு நிலையான சுரம் அடியில் நீண்டு நிற்கும். அதன்மேல் ஒற்றைக் குரல் வளைந்து நெளிந்து போகும். நம் தம்புராவைக் கேட்டுப் பழகிய காது இதை அந்நியமாக நினைக்காது. கிராமம் கிராமமாகப் போய் ஆர்மீனிய நாட்டுப் பாடல்களைத் திரட்டிய பாதிரியார் கோமிதாஸின் படைப்புகள் அங்கேதான் அவருக்கு வேதமாயின. 1915இல் கைதாகி, உயிர் தப்பி, மனம் உடைந்து பாரிஸில் இறந்தவர் கோமிதாஸ். பாஸ்டனில் இருந்த கிரேக்க ஓவியர் ஹெர்மன் டி ஜொவானோவும், உன் முன்னோரின் இசைக்குத் திரும்பு என்று அவரைத் தூண்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பியதன் முதல் பெரிய பலன் 1944இல் எழுதிய ‘லூஸாத்ஸாக்’. ஒளியின் வருகை என்று பொருள். பியானோவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் எழுதப்பட்டது. இந்தப் படைப்பில் சற்று நின்று போகலாம்.

இதில் பியானோ, பியானோவாக நடந்துகொள்வதில்லை. இரு கைகளாலும் கோவைகளை அடுக்குவதற்குப் பதிலாக, ஒரே சுரத்தை விரைவாகத் திரும்பத் திரும்ப மீட்டி, மேற்காசியாவின் கானூன், ஊத் போன்ற தந்தி வாத்தியங்களின் குரலில் பேசுகிறது. நீண்ட, தனித்த மெட்டு. கீழே தந்தி வாத்தியங்கள் செய்வதுதான் புதுமை. ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் சின்னச் சின்னத் துணுக்குகளைக் கொடுத்து, அவரவர் வேகத்தில், மற்றவரோடு சேராமல், திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பெரிய கோயில் ஒன்றின் நடை திறக்கக் காத்திருக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தமக்குள் ஏதோ ஒரு நாமத்தை முணுமுணுத்தால் எழும் ஒலி இருக்கிறதே, அதைப் போல ஒரு மூட்டம் எழுகிறது. மேலே மெட்டு தெளிவாக நடக்கிறது. தற்செயலை இசைக்குள் அனுமதிக்கும் இந்த உத்தியை ஐரோப்பிய முன்னோடிகள் பெரிதாகப் பேசத் தொடங்கியது 1950களுக்குப் பிறகுதான். அதைச் சித்தாந்தமாக்காமல், பக்திக்காகப் பயன்படுத்தி, பாஸ்டன் தேவாலய ஆர்கன்காரர் ஒருவர் முன்பே முடித்துவைத்திருந்தார்.

1945இல் நியூயார்க் டவுன் ஹாலில் இந்த இசை ஒலித்தபோது இடைவேளையில் கூடத்தில் கிட்டத்தட்டக் கலவரம் என்று இசையமைப்பாளர் லூ ஹாரிசன் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்றைக்கு நியூயார்க்கில் இரண்டு கட்சி. ஷோன்பெர்க் வழியில் பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தியவர்கள் ஒரு பக்கம்; அமெரிக்க மண்ணின் குரல் என்று கோப்லாண்ட் வழியில் போனவர்கள் மறுபக்கம். பாஸ்டனிலிருந்து வந்த இந்த மனிதர் இரண்டிலும் சேராமல், அதே சமயம் மறுக்க முடியாத அழகோடு நின்றதுதான் இரு தரப்புக்கும் ஆத்திரம். ஹாரிசனோடு வந்திருந்த ஜான் கேஜ் உடனே ஹொவானெஸைப் பார்க்க மேடைக்குப் பின்னால் ஓடினார். ஹாரிசன் ‘ஹெரால்ட் ட்ரிபியூன்’ அலுவலகத்துக்கு ஓடிப் போய்ப் புகழ்ந்து விமரிசனம் எழுதினார். மூன்று வருடங்களுக்கு முன் டாங்கிள்வுட்டில் கிடைத்த பதிலை இதோடு வைத்துப் பார்க்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. மாரோ, அனாஹித் என்ற அஜெமியன் சகோதரிகள், பியானோவும் வயலினுமாக, தொடர்ந்து அவர் படைப்புகளை மேடையேற்றினார்கள்.

அடுத்த பத்தாண்டை வேகமாகக் கடக்கலாம். பாஸ்டன் கன்சர்வேட்டரியில் சில ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1951இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். மார்த்தா கிரகாமின் நடனத்துக்கும் பிராட்வே நாடகத்துக்கும் எழுதினார். என்.பி.சி. தொலைக்காட்சி இந்தியாவைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 1955இல் இசையமைத்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஹூஸ்டன் சிம்பொனியின் பொறுப்பேற்ற லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி தன் முதல் கச்சேரியில் ஹொவானெஸின் இரண்டாம் சிம்பொனி ‘மிஸ்டீரியஸ் மவுண்டன்’ படைப்பை அரங்கேற்றினார். 1958இல் ஃபிரிட்ஸ் ரெய்னர் சிகாகோ சிம்பொனியோடு அதைப் பதிவு செய்ய, அமெரிக்கா முழுக்க அவர் பெயர் தெரிந்தது. இதன் நடுப்பகுதி இரட்டை ஃபியூக். பாக் வழி வந்த கடுமையான இலக்கண வடிவம் அது. மெட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர், மேற்கத்திய இலக்கணம் தெரியாமல் பிடித்துக்கொண்டார் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் 1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்தார். வயது நாற்பத்தெட்டு.

ஆர்மீனியர்களுக்குச் சென்னை புதிய ஊர் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். பாரிமுனைப் பக்கம் ஆர்மீனியன் தெருவில் 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பரங்கிமலைக்குப் படி கட்டியவரும், அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில் அச்சானது. நடத்தியவர் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார்.

ஆனால் ஹொவானெஸ் தேடி வந்தது அந்தச் சுவடுகளை அல்ல, ராகத்தை. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்கள் கொண்ட கட்டமைப்பு அவர் மாதிரி ஒருவருக்கு எப்படிப்பட்ட புதையல் என்று யோசித்துப் பாருங்கள். ஐரோப்பிய இசை பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகு மேஜர், மைனர் என்ற இரண்டு வரிசைகளுக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. அதே நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி எழுபத்திரண்டு வரிசைகளுக்கு இடம் வகுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கதவுகளோடு அடைபட்ட வீட்டைவிட்டு வெளியேறப் பத்தாண்டுகளாக வழி தேடியவர் சென்னையில் இந்த விரிவைக் கண்டார். ராகங்களைப் பற்றி நூல் எழுதக் குறிப்புகளை மலையாகச் சேர்த்தார்.

வந்த காலமும் நல்ல காலம். அரியக்குடி பாடிக்கொண்டிருந்தார். செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி, எம்.எஸ். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். வீணையில் எஸ். பாலசந்தர் புது வழி போட்டுக்கொண்டிருந்தார். மியூசிக் அகாடமி தன் ஆண்டு விழாவில் ஹொவானெஸின் இசைக்கும் இடம் கொடுத்தது. 1940களில் எழுதிவைத்திருந்த பியானோ படைப்பைத் திருத்தி ‘மெட்ராஸ் சொனாட்டா’ என்று பெயர் சூட்டினார். எட்டாம் சிம்பொனிக்கு ‘அர்ஜுனா’ என்று பெயர்.

அந்த நாட்களில் ஒரு முறை நாகூர் போனார்.

நாகூர் தர்காவைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறைநேசர் ஷாகுல் ஹமீது அடங்கிய இடம். ஐந்து மினாராக்கள், அவற்றில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரிக்குக் கூடுகிறவர்களில் யார் எந்த மதம் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. முடி இறக்குகிறவர்கள், நேர்ச்சை செலுத்துகிறவர்கள், கடலுக்குப் போகும் முன் வேண்டிக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் நாகூர் ஆண்டவர்.

ஹொவானெஸின் அப்பாவுடைய ஊரான அதானாவில் 1909இல் ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். ஆறே வருடத்தில் ஆட்டமன் பேரரசு முழுவதிலும் ஆர்மீனியர்களுக்கு அதைவிடப் பெரிய அழிவு வந்தது. அந்த மக்களுக்காக ‘எக்ஸைல்’ எழுதியவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஒரு முஸ்லிம் ஞானியின் சன்னதிக்கு வந்தார். அங்கே கேட்டதும் கண்டதும் அவரை எழுத வைத்தன. அந்த ஞானியை இந்த ஊர் மக்கள் கூப்பிடும் பெயரையே படைப்புக்கு வைத்தார். ஹொவானெஸின் வாழ்க்கையில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றும் செயல் இதுதான். அறுபத்தேழு சிம்பொனிகளையும் இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

தொழில் ரீதியாகவும் அது எளிய காரியமில்லை. மேற்கத்திய இசையமைப்பாளர் ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதித் தருவார். வாத்தியக்காரர் எழுதியதை வாசிப்பார். நம் வித்வான் மனத்தில் உள்ளதை வாசிப்பவர். சுரம் எழுதிக் கொடுத்தாலும் அதற்கு என்ன கமகம் என்பதை அவர் கைதான் முடிவு செய்யும். வானொலி நிலையத்தின் வாத்தியக் குழுவில் இருந்தவர்கள் தனித்தனியே கச்சேரி செய்யும் தகுதி படைத்தவர்கள். மெட்டை ஒத்திசைவால் மூடாத, அவரவர் போக்குக்கு இடம் விடுகிற ‘லூஸாத்ஸாக்’ முறையில் பழகிய ஹொவானெஸுக்கு அத்தகையவர்களோடு வேலை செய்யும் தயாரிப்பு இருந்தது என்றே நினைக்கிறேன். வேறு எந்த அமெரிக்க இசையமைப்பாளரை 1960இல் அந்த அறைக்குள் விட்டிருந்தாலும், அவர் வித்வான்களைத் தன் தாளுக்குள் அடக்கத்தான் பார்த்திருப்பார்.

குறையும் சொல்ல வேண்டும். ராகத்தின் சுர வரிசையை அவர் நன்றாகப் பிடித்தார். சுருதியின் நிலைப்பை, மெட்டின் முதன்மையைப் பிடித்தார். கமகம் அவர் பியானோவுக்கு எட்டவில்லை. அந்த வாத்தியத்தில் எட்டவும் எட்டாது. ‘மெட்ராஸ் சொனாட்டா’வை நம் ஊர் ரசிகர் கேட்டால், ராகத்தின் எலும்பு தெரிகிறது, சதை எங்கே என்று கேட்பார். இந்தக் குறையை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு 1966இல் எழுதிய பத்தொன்பதாம் சிம்பொனி ‘விஷ்ணு’ சாட்சி. அதில் தந்தி வாத்தியங்களும் டிராம்போன்களும் சுரத்துக்குச் சுரம் தாவாமல் இழைந்து வழுக்குகின்றன. வீணையில் தந்தியை இழுத்துப் பார்த்த விரல்களுக்கு அந்த அறிவு வந்திருக்க வேண்டும்.

சென்னைக்குப் பிறகு அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. 1962இல் ஹவாயிலும், பிறகு ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் ஜப்பானிலும் அரசவை இசையான ககாகு படித்தார். ஹிச்சிரிக்கி, ஷோ, ரியூதெகி என்ற காற்று வாத்தியங்களை வாசிக்கக் கற்றார். கொரிய வாத்தியங்களையும் தந்திகளையும் சேர்த்துப் பதினாறாம் சிம்பொனி. 1965இல் ஆர்மீனியாவுக்குப் போனார். ஆயுளில் அந்த ஒரு தடவைதான். தான் ஒத்திசைவு அமைத்த ஆர்மீனிய வழிபாட்டு இசையின் கையெழுத்துப் படிகளை யெரெவானில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மெனுஹினின் வயலினும் ரவிசங்கரின் சிதாரும் சேர்ந்து வாசிக்க ‘ஷம்பாலா’ எழுதினார். ரவிசங்கர் தன் முதல் சிதார் கான்செர்ட்டோவை எழுதுவதற்கு முந்தையது அது. அந்த இருவரும் அதை மேடையேற்றவே இல்லை என்பது பெரிய நஷ்டம். 1970இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குக்காக, ரோஜர் பெய்ன் கடலுக்கடியில் பதிவு செய்த திமிங்கிலங்களின் பாட்டையே ஒலிநாடாவில் ஓடவிட்டு, சுற்றிலும் ஆர்கெஸ்ட்ராவை எழுதினார். 1980இல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை ஐம்பதாம் சிம்பொனியானது. கடைசிக் காலம் மலைகள் சூழ்ந்த சியாட்டிலில், பாடகியான மனைவி ஹினாகோவோடு கழிந்தது. 2000 ஜூன் 21 அன்று அங்கே காலமானார்.

அவர் படைப்புகளுக்கு இட்ட ஓபஸ் வரிசை எண்கள் 434 வரை போகின்றன. இவ்வளவு எழுதியவரிடம் திரும்பச் சொன்னது நிறைய இருக்கும், இருக்கிறது. பல்கலைக்கழக இசைத் துறைகள் அதைக் காட்டியே அவரை ஒதுக்கின. புதிதாகக் கேட்கிறவர்கள் சிம்பொனிகளில் தொடங்க வேண்டாம். ‘புனித கிரிகோரியின் பிரார்த்தனை’ என்று டிரம்பெட்டுக்கும் தந்திகளுக்கும் எழுதிய சிறிய படைப்பு இருக்கிறது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. அடுத்து ‘லூஸாத்ஸாக்’, ஜாஸ் மேதை கீத் ஜாரெட் பியானோ வாசித்த பதிவு கிடைத்தால் அதையே கேளுங்கள்.

ராகங்களைப் பற்றிய அந்த நூலை அவர் முடிக்கவில்லை. சென்னையில் எடுத்த குறிப்புகள் நூலாகாமல் நின்றுபோனதில் இழப்பு நமக்குத்தான். தியாகராஜரைத் தெரியாத ஒரு தேசத்துக்கு, தேர்ந்த இசையமைப்பாளர் ஒருவரின் காது வழியாக, 1960களிலேயே மேளகர்த்தா போய்ச் சேர்ந்திருக்கும். இப்போதாவது சென்னையில் யாராவது ஒரு டிசம்பரில் ‘அர்ஜுனா’வையும் ‘நாகூரானை’யும் ஒரே மேடையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழில், 1945இல் அந்த விமரிசனத்தை எழுத ஓடிய லூ ஹாரிசன். ஜாவாவின் கேமலான் வாத்தியங்களைக் காதலித்து, கிடைக்காதபோது தகரத்திலும் அலுமினியத்திலும் தாமே செய்துகொண்டவர்.

(தொடரும்)